அத்தியாயம் 6: சத்தம் போடாத பிழைகள்

2020 அக்டோபர் முதல் வாரத்தில் பிரிட்டனின் கொரோனா எண்ணிக்கை திடீரென்று எகிறியது. அதுவரை கணக்கில் விடுபட்டிருந்தவர்களை மொத்தமாகச் சேர்த்ததுதான் காரணம். ஆய்வகங்கள் அனுப்பும் முடிவுகளை, அப்போதைய அரசு சுகாதார அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து, எக்ஸெல் வழியாகத் தன் மைய அமைப்புக்குள் ஏற்றிக்கொண்டிருந்தது. வந்தவை சாதாரண சிஎஸ்வி ஃபைல்கள். அவற்றை வாங்கிக்கொண்ட எக்ஸெல் டெம்ப்ளேட்தான் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இருந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் இடம். ஒருவருடைய பரிசோதனை முடிவுக்கே பல வரிசைகள் ஆனதால் சுமார் 1,400 பேரோடு தாள் நிரம்பியது. அதற்கு மேல் வந்ததெல்லாம் விடுபட்டது. செப்டம்பர் 25-க்கும் அக்டோபர் 2-க்கும் இடையில் 15,841 பேர் இப்படித் தினசரிக் கணக்கில் சேராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்து எச்சரிக்கும் வேலையும் தள்ளிப்போனது.

எக்ஸெல் 2007-லிருந்து வரும் புதிய வடிவம் ஒரு தாளில் 10,48,576 வரிசைகளைத் தாங்கும். அதற்கு மாறியிருந்தால் அப்போதைக்குத் தப்பித்திருக்கலாம். ஆனால் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது தாளின் நீளத்தை அல்ல. ஏற்றிய வேலை நின்றுபோகவில்லை, சிவப்பு எழுத்தில் எதுவும் வரவில்லை, ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே தெரிந்தது. ஆய்வகம் அனுப்பியது எத்தனை, உள்ளே போய்ச் சேர்ந்தது எத்தனை என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

பழைய பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து புதியதற்கு, டாலியிலிருந்து ஈஆர்பிக்கு, ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு என்று தரவை மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் பயப்படுவது பிழைச் செய்திக்குத்தான். வேலை பாதியில் நின்றால் முதலாளி கோபிப்பார், அடுத்த நாள் பில் போட முடியாது என்ற கவலை. கத்துகிற பிழையால் பெரிய கெடுதல் இல்லை. எந்த இடத்தில் கோளாறு என்று அதுவே சொல்லிவிடுகிறது. கத்தாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் பிழைதான் ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் மேசையில் எழுந்து நிற்கும். இந்த அத்தியாயம் முழுக்க அந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

எக்ஸெல் என்னும் இடைத்தரகர்

இரண்டு அமைப்புகளுக்கு நடுவில் நேரடிப் பாலம் இல்லாதபோது எல்லோரும் எடுப்பது சிஎஸ்வி ஃபைலை. அது வெறும் எழுத்து. எந்த அமைப்பும் எழுதும், எந்த அமைப்பும் படிக்கும். ஆபத்து அந்த ஃபைலை யாராவது "ஒரு தடவை திறந்து பார்த்துவிடுகிறேன்" என்று எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கு சொடுக்கும்போது தொடங்குகிறது. எக்ஸெல் படிப்பதோடு நிற்பதில்லை. எது எண், எது தேதி என்று தானே முடிவுகட்டுகிறது.

மளிகை மொத்த வியாபாரம் ஒன்றின் சரக்குப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்டிக்குத் தேவையான ஹெச்எஸ்என் குறியீட்டில் காபிக்கு 0901, தேயிலைக்கு 0902, மிளகுக்கும் மிளகாய் வற்றலுக்கும் 0904, இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் 0910. எக்ஸெல் திறந்ததும் இவை 901, 902, 904, 910 ஆகிவிடும். சேமித்தால் முன்னால் நின்ற பூஜ்யம் ஃபைலிலிருந்தே போய்விடும். அரிசிக்கான 1006-க்கு ஒன்றும் ஆகாது. அதனால் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் பட்டியல் சரியாகவே தெரியும்.

வங்கிக் கணக்கு எண்ணின் நிலைமை இன்னும் மோசம். எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறிவிடும். சரக்குக் குறியீட்டில் இரண்டு எண்களுக்கு நடுவில் ஆங்கில "ஈ" எழுத்து இருந்தால் அதைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு பெரிய எண்ணாக்கிவிடும். மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவே 2020-ல் எக்ஸெலிடம் இறங்கிவந்தது. "மார்ச்1", "செப்ட்1" என்ற மரபணுக் குறிகளை எக்ஸெல் தேதியாக மாற்றி ஆய்வுத் தரவுகளைக் கெடுத்துக்கொண்டே இருந்ததால், அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள்.

தேதிதான் எல்லாவற்றிலும் தந்திரமானது. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 03/04/2024 என்ற ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். 25/04/2024 எந்த மாதமாகவும் பொருந்தாது. அதனால் அது வெறும் எழுத்தாக அப்படியே நிற்கும். ஆக, ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள் பில்கள் புரண்டுவிடும், மற்றவை சரியாகத் தெரியும். சாம்பிளாக மாதக் கடைசிப் பில்லை எடுத்துச் சோதித்தவர் "எல்லாம் ஓகே" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இதற்கு வழி இருக்கிறது. சிஎஸ்வியை எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கால் திறக்கவே கூடாது. பார்க்க வேண்டுமென்றால் நோட்பேடு போன்ற எழுத்துத் திருத்தி போதும். எக்ஸெல்தான் வேண்டும் என்றால் "டேட்டா" பட்டியிலிருந்து இறக்குமதி செய்து, எல்லா ஃபீல்டுகளையும் எழுத்து வகை என்று குறிப்பிட வேண்டும். அண்மைப் பதிப்புகளில் இந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்துவைக்கவும் வசதி வந்திருக்கிறது. தேதியை எப்போதும் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையிலேயே வெளியே எடுக்க வேண்டும். 2024-04-03 என்று எழுதிவிட்டால் எந்த நாட்டுக் கணினிக்கும் குழப்பம் வராது.

முகவரியில் வரும் காற்புள்ளியையும் சொல்லிவிட வேண்டும். "12, காமராஜர் சாலை, மதுரை" என்ற முகவரியை மேற்கோள் குறிக்குள் வைக்காமல் எழுதினால் ஒரு ஃபீல்டு மூன்றாக உடைந்து பின்கோடு போன் நம்பர் இடத்தில் போய் உட்காரும். இது பெரும்பாலும் சத்தம் போடும் பிழை, உடனே தெரிந்துவிடும்.

கண்ணுக்கு ஒன்பது, கணினிக்கு ஐம்பத்தொன்று

தமிழில் பெயரும் முகவரியும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். வெளிநாட்டுக் கையேடுகளில் இது கிடைக்காது.

"திருச்சிராப்பள்ளி" என்ற பெயரை எண்ணினால் கண்ணுக்கு 9 எழுத்து. யூனிகோடு கணக்கில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் 17 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆவதால் 51 பைட். இப்போது "ஊர்" என்ற ஃபீல்டுக்கு இரண்டு அமைப்பிலும் 20 என்று நீளம் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸ் அந்த 20-ஐக் குறிகளாக எண்ணும். பெயர் தாராளமாக அடங்கும். எஸ்க்யூஎல் சர்வரின் என்வார்கேர் வகையிலும் அடங்கும். ஆரக்கிளின் வார்கேர்2 வகை, வேறு மாதிரி சொல்லாத வரை, 20-ஐப் பைட்டாக எண்ணும். 6 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். ஆரக்கிள் பெரிய பிழை எண் போட்டு மறுத்துவிடும் என்பது நல்ல விஷயம். மைஎஸ்க்யூஎல் 5.7-க்கு முந்தைய பதிப்புகளோ, அமைப்பை மாற்றாத வரை, நீளத்தை மீறிய எழுத்தை வெட்டிவிட்டு ஒரு எச்சரிக்கையை மட்டும் ஓரமாகப் போட்டுவிட்டுப் போய்விடும். அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை.

இன்னும் பழைய தரவு என்றால் எழுத்துருவே சிக்கல். 1990-களிலும் அதற்குப் பின்னும் பல அலுவலகங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் அடித்தன. உள்ளே சேமிக்கப்பட்டது ஆங்கிலக் குறிகள். மேலே எழுத்துரு தமிழ்போல் காட்டியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "தமிழ்" என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். தமிழக அரசு 1999-ல் டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தரமாக அறிவித்தது. 2010-ல் யூனிகோடும் டேஸ் 16-ம் தரமாயின. ஆகையால் ஒரே டேபிளில் மூன்று தலைமுறைக் குறியேற்றங்கள் கலந்து கிடப்பது அரிதல்ல. மாற்றித் தரும் கருவிகள் பல இருக்கின்றன. ஆனால் எந்தப் பதிவு எந்த முறையில் இருக்கிறது என்பதை அவற்றுக்கு ஆள்தான் சொல்ல வேண்டும். பாமினிப் பெயரோடு உண்மையான ஆங்கிலப் பெயரும் அதே ஃபீல்டில் இருந்தால் கருவி இரண்டையும் மாற்றி ஆங்கிலப் பெயரைக் கெடுத்துவிடும்.

எல்லாம் யூனிகோடு ஆனபிறகும் வம்பு தீர்வதில்லை. "கொ" என்பதில் வரும் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. இதை யூனிகோடு இயல்பாக்கம் என்ற நடவடிக்கை சரிசெய்துவிடும்; அதை ஏற்றுமுன் எல்லாத் தமிழ் ஃபீல்டுகளுக்கும் ஒருமுறை ஓட்ட வேண்டும். "ஔ" வரிசையில் கொம்புக்குப் பின்னால் "ள" என்ற எழுத்தையே அடித்து வைத்திருந்தால் இயல்பாக்கம் அதைத் தொடாது. கடைப் பெயர்களின் முன்னால் வரும் "ஸ்ரீ"யும் அப்படித்தான். அதை எழுத இரண்டு குறி வரிசைகள் புழக்கத்தில் இருக்கின்றன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஒரே வாடிக்கையாளர் இரண்டு கணக்காக நிற்பார். பாக்கி ஒன்றிலும் வரவு இன்னொன்றிலும் ஏறிக்கொண்டிருக்கும்.

ஆங்கிலப் பெயர்களுக்கும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. எஸ்க்யூஎல் சர்வரும் மைஎஸ்க்யூஎல்லும் வழக்கமான அமைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்ப்பதில்லை. போஸ்ட்கிரெஸ் பார்க்கும். அங்கே ஒன்றாக இருந்த முருகன் ஸ்டோர்ஸ் இங்கே இரண்டாகலாம். எதிர்த்திசையில் மாற்றினால் இரண்டு பேர் ஒன்றாகி, இரட்டைப் பதிவு என்று பிழை வரும்.

நள்ளிரவு, வெற்றிடம், பைசா

இந்திய நேரம் உலகப் பொதுநேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் நிற்கிறது. பழைய அமைப்பு உள்ளூர் நேரத்தில் எழுதியிருக்க, புதிய கிளவுட் சர்வர் அதைப் பொதுநேரமாக மாற்றிக்கொண்டு, அறிக்கையையும் அதே நேரத்தில் தயாரித்தால் என்ன ஆகும்? கோயம்பேடு போல இரவில் சரக்கு இறங்கும் சந்தையில் ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்குப் போட்ட பில், மார்ச் 31 இரவு 8.30 ஆகிவிடும். நிதியாண்டே மாறிவிடுகிறது. இதைவிடப் பரவலானது ஒன்று உண்டு. நேரமே இல்லாமல் தேதியை மட்டும் எழுதும் சாஃப்ட்வேர்கள் அதை நள்ளிரவு 12 மணி என்று சேமிக்கும். ஐந்தரை மணி பின்னால் தள்ளினால் ஒவ்வொரு பில்லும் முந்தைய நாள் மாலை 6.30-க்குப் போய்விடும். மொத்த விற்பனை அப்படியே இருக்கும். மாத வாரியாகப் பார்த்தால் மட்டும் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி விற்பனை அளவுக்கு வித்தியாசம் வரும். ஜிஎஸ்டி கணக்கு மாத வாரியானது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதன் விபரீதம் விளங்கும்.

எழுதாமல் விட்ட இடத்தையும் அமைப்புகள் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஆரக்கிள் காலியான எழுத்துத் தொடரையும் "நல்" எனப்படும் இல்லாமையையும் ஒன்றாகவே நடத்தும். போஸ்ட்கிரெஸில் இரண்டும் வேறு. ஆரக்கிளில் கதவு எண், இரண்டாம் வரி, ஊர் ஆகிய மூன்றையும் ஒட்டி முகவரி அச்சடிக்கும் பழைய ரிப்போர்ட் ஒன்று, இரண்டாம் வரி காலியாக இருந்தாலும் மற்ற இரண்டையும் ஒட்டித் தரும். அதே கட்டளையைப் போஸ்ட்கிரெஸில் ஓட்டினால் ஒரு துண்டு "நல்" ஆனதும் முழு முகவரியும் "நல்" ஆகிவிடும். தரவு அத்தனையும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. டெலிவரி சலானில் மட்டும் முகவரி இல்லை. கடன் நாள் ஃபீல்டில் பூஜ்யம் என்றால் ரொக்கம். காலி என்றால் பேசி முடிக்கவில்லை. ஏற்றுபவர் காலியையெல்லாம் பூஜ்யமாக்கிவிட்டால் மறுநாளே நல்ல வாடிக்கையாளர்களுக்கெல்லாம் பாக்கி நினைவூட்டல் பறக்கும்.

பைசாவை அலட்சியம் செய்பவர்களுக்கு வான்கூவர் பங்குச் சந்தையின் கதை உண்டு. 1982 ஜனவரியில் 1000 புள்ளியில் தொடங்கிய அதன் குறியீடு 1983 நவம்பரில் 524.811-க்கு வந்து நின்றது. சந்தை அவ்வளவு விழவில்லை. ஒவ்வொரு கணக்கீட்டிலும் மூன்றாவது தசமத்துக்குப் பிறகு வருவதை முழுமையாக்காமல் வெட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். சரிசெய்தபோது குறியீடு 1098.892. பணத்தொகையை ஃப்ளோட் வகையில் வைத்திருக்கும் பழைய டேபிள் எதுவும் அப்படியே புதிய அமைப்புக்குப் போகக் கூடாது. டெசிமல் வகைக்கு மாற்றி, எத்தனை தசமம், அரைப் பைசா எந்தப் பக்கம் என்பதை எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். எக்ஸெல் 2.5-ஐ 3 ஆக்கும். டாட்நெட்டின் வழக்கமான முழுமையாக்கல் 2 ஆக்கும்.

எண் சரி, பொருள் வேறு

டார்கெட் என்ற அமெரிக்கக் கடைத் தொடர் 2013-ல் கனடாவில் நுழைந்தது. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று சரக்குப் பட்டியல். புதிய எஸ்ஏபி அமைப்புக்குள் பல்லாயிரக்கணக்கான பொருட்களின் விவரத்தை அவசர அவசரமாகக் கையால் ஏற்றினார்கள். அங்குலத்துக்கும் சென்டிமீட்டருக்கும் குழப்பம், நீளம் அகலம் உயரம் வரிசை மாறிய பதிவுகள், தவறான பார்கோடு. அங்கே வேலை பார்த்தவர்களை விசாரித்துக் கனடியன் பிசினஸ் இதழ் 2016-ல் எழுதிய கட்டுரை, அந்தத் தரவில் சுமார் 30 சதவீதம்தான் சரியாக இருந்தது என்றும், அமெரிக்கக் கிளைகளில் அது 98, 99 சதவீதம் என்றும் சொல்கிறது. கிடங்கு நிறையச் சரக்கு, கடை அலமாரி காலி. ஃபீல்டில் 30 என்று எழுதியிருந்தால் எந்த அமைப்பும் அதை ஏற்றுக்கொள்ளும். அது அங்குலமா சென்டிமீட்டரா என்று கேட்காது.

ஜெர்மனியின் லிடில் கடைத் தொடர் ஏழு ஆண்டு முயற்சிக்குப் பிறகு 2018-ல் தன் எஸ்ஏபி திட்டத்தைக் கைவிட்டது. செலவு ஏறத்தாழ 50 கோடி யூரோ என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. லிடில் தன் சரக்கிருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடும். அந்த அமைப்பு வழக்கமாக விற்பனை விலையில் மதிப்பிடும். தன் வழக்கத்தை விட லிடில் தயாராக இல்லை, மென்பொருளை வளைத்துக்கொண்டே போனதில் திட்டம் சிக்கலாகிவிட்டது என்பது வந்த செய்தி.

சின்ன நிறுவனத்துக்கு இது எப்படி வரும்? பழைய சாஃப்ட்வேரில் "ரேட்" என்றால் வரி சேர்த்த விலை, புதியதில் வரி நீங்கலான விலை. பழையதில் அளவு மூட்டையில், புதியதில் கிலோவில். இன்னொன்று ஆடிட்டர்கள் அடிக்கடி பார்ப்பது: ஒரு வாடிக்கையாளர் ஏழு பில்களுக்காக 1,84,000 ரூபாய் பாக்கி என்றால், தொடக்க இருப்பு 1,84,000 என்று ஒரே வரியாக ஏற்றிவிடுகிறார்கள். டிரையல் பேலன்ஸ் சரியாகப் பொருந்தும். ஆனால் எந்தப் பில் 30 நாள் பழசு, எது 120 நாள் பழசு என்ற விவரம் போய்விட்டது. வரும் செக்கை எந்தப் பில்லோடு கழிப்பது என்று வாடிக்கையாளரிடமே கேட்க வேண்டிவரும். பில்வாரியாக ஏற்ற ஒரு நாள் கூடுதலாக ஆனாலும் அதைச் செய்துவிடுவதே மேல்.

ஆகவே மாற்ற வேலையில் முதலில் தயாரிக்க வேண்டியது கோடு அல்ல, ஃபீல்டு வாரியான ஒரு பட்டியல். பழைய ஃபீல்டு, அதில் உண்மையில் என்ன எழுதி வந்தார்கள், அலகு, காலியாக விடலாமா, புதிய ஃபீல்டு, மாற்றும் விதி. இரண்டாவது கட்டத்தை நிரப்ப ஐடி ஆள் போதாது. பில் போடும் பெண்ணும் கிடங்குப் பொறுப்பாளரும் பக்கத்தில் உட்கார வேண்டும். ஃபேக்ஸ் எண் ஃபீல்டில் பத்து வருடமாக லாரி புக்கிங் ஆபீஸ் பெயரை எழுதி வந்தது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஏற்றும் வரிசை

கருவிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு ஓரா2பிஜி, மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு பிஜிலோடர், எஸ்க்யூஎல் சர்வருக்குள் வர மைக்ரோசாஃப்டின் மைக்ரேஷன் அசிஸ்டென்ட். முதல் இரண்டும் திறமூலம், மூன்றாவதும் இலவசம். டாலியை ஓடிபிசி வழியாகப் படிக்கலாம், எழுதுவதற்கு எக்ஸ்எம்எல். இரண்டுக்கும் வழக்கமான போர்ட் 9000. ஓரா2பிஜி ஆரக்கிளின் டேட் வகையைப் போஸ்ட்கிரெஸின் டைம்ஸ்டாம்ப் ஆக்குவது ஏன் என்று சிலர் குழம்புவார்கள். ஆரக்கிளின் டேட்டுக்குள் நொடி வரை நேரமும் இருக்கிறது. வெறும் தேதி வகைக்குள் போட்டால் அது தொலைந்துவிடும்.

ஏற்றும்போது தாய் டேபிள் முதலில், சேய் டேபிள் பிறகு. வாடிக்கையாளர், சரக்கு, பிறகு பில் தலைப்பு, அதன் பிறகு பில் வரிகள். பெரிய டேபிள் என்றால் இண்டெக்ஸ்களை ஏற்றி முடித்த பிறகு கட்டினால் நேரம் மிச்சம். உறவுக் கட்டுப்பாடுகளை அணைத்துவிட்டு ஏற்றுவது வேகமானது. திரும்பப் போடும்போது பழைய பதிவுகளையும் சோதிக்கச் சொல்ல மறந்துவிட்டால், வாடிக்கையாளரே இல்லாத பில்கள் உள்ளே தங்கிவிடும்.

போஸ்ட்கிரெஸுக்கு மாறியவர்கள் பலர் முதல் நாள் காலை சந்திப்பது வேறொரு சங்கதி. பழைய பில்களை அவற்றின் எண்ணோடு ஏற்றியிருப்பார்கள். அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ் என்ற எண்ணி 1-லேயே நிற்கும். கடை திறந்து முதல் பில் போட்டதும் "இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது" என்று வரும். ஒவ்வொரு டேபிளின் அதிகபட்ச எண்ணை எடுத்து செட்வால் கட்டளையால் எண்ணியை முன்னேற்றிவிட்டால் முடிந்தது. இது உள் பயன்பாட்டுக்கான எண்ணுக்கு மட்டும். வரி இன்வாய்ஸ் எண் தனிக் கதை: ஜிஎஸ்டி விதி 46-ன்படி அது 16 குறிகளுக்கு மிகாமல், தொடர் வரிசையில், நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். ஆண்டு நடுவில் மாறுகிறவர்கள் புதிய முன்னெழுத்தோடு தனித் தொடர் ஒன்றைத் தொடங்குவது பாதுகாப்பு.

ஒத்திகை

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரல் 20 முதல் 22 வரையான வார இறுதியில், லாயிட்ஸ் குழுமத்தின் அமைப்பிலிருந்து, தாய் நிறுவனமான ஸ்பெயின் நாட்டு சபடெல் கட்டிய அமைப்புக்குத் தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களையும் மாற்றியது. தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது. ஞாயிறு மாலை வாடிக்கையாளர்கள் உள்ளே வரத் தொடங்கியதும் புதிய அமைப்பு திணறியது. கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தவர்கள் ஒரு கட்டத்தில் 19 லட்சம் பேர். வழக்க நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. தலைமை நிர்வாகி செப்டம்பரில் விலகினார். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்த ஒன்று: இரண்டு டேட்டா சென்டர்கள் சேர்ந்து இயங்க வேண்டிய அமைப்பில், பளுச் சோதனை நடந்தது ஒன்றில் மட்டும்.

அமேசான் வேறு வழியில் போனது. ஏறத்தாழ 7,500 ஆரக்கிள் டேட்டாபேஸ்களில் இருந்த 75 பெட்டாபைட் தரவைத் தன் சொந்த அமைப்புகளுக்கு மாற்றி முடித்ததாக 2019 அக்டோபரில் அறிவித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குழுக்கள் அவரவர் பங்கை அவரவர் வேகத்தில் செய்தன. ஒரு குழு தடுமாறினாலும் முழுக் கடையும் நிற்காது.

பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு இந்த அளவு தேவையில்லை. ஆனால் முழுத் தரவையும் வைத்து இரண்டு ஒத்திகையாவது நடத்தியே ஆக வேண்டும். ஆயிரம் பதிவு மாதிரியில் நடத்தும் ஒத்திகையில் நேரக் கணக்கு கிடைக்காது. ஏற்ற எத்தனை மணி, சரிபார்க்க எத்தனை மணி, எந்த மணிக்குள் முடியாவிட்டால் கைவிட்டுப் பழையதற்கே திரும்புவது என்று மூன்று எண்களையும் முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும். ஞாயிறு இரவு 11 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்பதாகவே இருக்கும்.

இரண்டு பக்கமும் எண்ணுவது

பதிவு எண்ணிக்கை முதல் படி. ஒவ்வொரு டேபிளுக்கும் பழையது, புதியது, தள்ளுபடியானது. புதியதும் தள்ளுபடியும் கூட்டினால் பழையது வர வேண்டும். எண்ணிக்கை பொருந்தினாலும் உள்ளடக்கம் மாறியிருக்கலாம் என்பதால் தொகைகளைக் கூட்ட வேண்டும். மொத்தத்தை மட்டும் கூட்டினால் நள்ளிரவுப் பிழை பிடிபடாது, மாத வாரியாகக் கூட்ட வேண்டும். கணக்காளர்களின் பழைய வித்தை ஒன்றும் இங்கே உதவும்: கூட்டினால் அர்த்தமே இல்லாத எண்களைக் கூட்டுவது. வாடிக்கையாளர் குறியீடு, வங்கிக் கணக்கு எண் இவற்றின் கூட்டுத்தொகை இரு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் எங்கோ ஒரு இலக்கம் புரண்டிருக்கிறது. கூட்டுவது எக்ஸெலில் வேண்டாம், டேட்டாபேஸிலேயே.

எழுத்து ஃபீல்டுகளுக்கு மிக நீளமான பதிவின் நீளத்தை ஒப்பிடலாம். புதிய பக்கத்தில் அது சரியாக 20 அல்லது 50 என்று ஃபீல்டின் எல்லையிலேயே நின்றால் வெட்டு விழுந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணின் 15-வது குறி சரிபார்ப்புக்கானது. முந்தைய 14-லிருந்து கணக்கிட்டுப் பார்த்தால் கெட்ட எண்கள் தாமே வெளியே வரும். தேதிகளுக்கு மிகப் பழையதும் மிகப் புதியதும். 1900-ம் அடுத்த வருடமும் தென்பட்டால் விசாரிக்க வேண்டியதுதான்.

இதற்குப் பிறகே ஆட்களின் சோதனை. எளிதான பதிவுகளைக் கொடுத்துப் பயனில்லை. பெயரில் ஸ்ரீ வரும் கடை, காற்புள்ளி நிறைந்த முகவரி, ஏப்ரல் 1 பில், பாதி திரும்பிவந்த சரக்கு, ரத்தான இன்வாய்ஸ், முன்பணம் கொடுத்து இன்னும் வாங்காதவர் என்று வம்பான பதிவுகளாகப் பொறுக்கி இருபது கொடுத்தால், அவற்றை வருடக்கணக்காகக் கையாண்டவர் பார்த்த உடனே சொல்லிவிடுவார். கடைசியாக டிரையல் பேலன்ஸ், பாக்கிப் பட்டியல், சரக்கு மதிப்பு மூன்றையும் இரண்டு அமைப்பிலும் ஒரே தேதிக்கு எடுத்து, முதலாளியும் கணக்காளரும் கையெழுத்திட்டு வைக்க வேண்டும்.

பழைய அமைப்பு

கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது நிறுவனச் சட்டத்தின் 128-வது பிரிவு. ஜிஎஸ்டி பதிவேடுகளுக்கு ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற தடமும் கட்டாயம். அந்தத் தடம் பெரும்பாலும் புதிய அமைப்புக்கு வருவதில்லை. ஏற்றியவரின் பெயரும் ஏற்றிய தேதியும்தான் அங்கே இருக்கும். ஆகவே பழையதை அழிக்காமல் படிக்க மட்டும் முடிகிற நிலையில் வைக்க வேண்டும். பேக்கப் ஃபைல் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு பீரோவில் பூட்டினால் போதாது. அதைத் திறக்க அந்தப் பதிப்பு சாஃப்ட்வேர் வேண்டும், அதன் லைசென்ஸ் வேண்டும், அது ஓடும் விண்டோஸ் வேண்டும். மாற்றம் முடிந்த மாதத்திலேயே அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, மூன்று வருடம் முந்தைய பில் ஒன்றைத் தேடி அச்செடுத்துப் பார்த்துவிட வேண்டும். லெட்ஜர்களையும் பில் பதிவேடுகளையும் பிடிஎஃபாகவும் சிஎஸ்வியாகவும் தனியே எடுத்து வைப்பதற்கு அரை நாள் ஆகும். லைசென்ஸ் புதுப்பிப்பை நிறுத்துவது அதற்குப் பிறகு.